அபின் வகைப் போதைக்கு மாத்திரைச் சிகிச்சை: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்திலிருந்த என் தம்பியை, அபின் வகைப் போதையின் ஆசையையும் அவதியையும் அடக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு சேலம் நகரத்திலிருந்தும் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்தும் என்னைத் தேடி வந்த குடும்பங்களுக்குத் துணையாகப் போய்வருகிறேன். நான் மருத்துவர் அல்ல; எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது என்பது பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. நான் பார்த்தவரை, முதல் மாத்திரையை அவசரப்பட்டுப் போட்டவர்களும் கடைசி மாத்திரையை அவசரப்பட்டு நிறுத்தியவர்களுமே அதிகம் அவதிப்பட்டார்கள்.

1. எந்தப் போதை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

புப்ரெனார்ஃபினும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் மற்றொரு மருந்தான மெத்தடோனும் அபின் வகைப் போதைக்கு மட்டுமே உதவும். ஹெராயின், அபின், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், டேபென்டடால் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கஞ்சா, சாராயம், தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது.

“வலி மாத்திரை போடுகிறான்” என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. வீட்டில் கிடைக்கும் காலி அட்டையை எறியாமல் எடுத்து வையுங்கள். அதன் பின்புறத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சிடப்பட்டிருக்கும். மாத்திரை மெதுவாகக் கரையும் வகையா, உடனே கரையும் வகையா என்பதும் அதிலிருந்து தெரியவரும். முதல் மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தே மாறும்.

சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்வார். டிரமடாலை அதிக அளவில் போட்டவர்களுக்கும் வலிப்பு வந்திருக்கக்கூடும். ஒருமுறை வந்திருந்தாலும் அது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

2. எங்கே, என்ன கேட்பது

சேலத்தில் தொடங்குவதற்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு நல்ல இடம். நேரில் போவதற்கு முன்பு போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 அல்லது மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் பேசுங்கள். இரண்டாவது எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

“போதை மீட்பு சிகிச்சை உண்டா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் உண்டு என்றுதான் பதில் வரும். “நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுக்கிறீர்களா? தினமும் வர வேண்டுமா? காலையில் எத்தனை மணிக்குள் வர வேண்டும்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். இந்த மருந்து மற்ற மாத்திரைகளைப் போலத் தெருமுனை மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே அதைக் கொடுக்கும் மையம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறிந்தால்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட முடியும்.

பல வீடுகளில் முதலில் தேடுவது அடைத்து வைக்கும் மறுவாழ்வு இல்லத்தைத்தான். மூன்று மாதம் உள்ளே வைத்தால் மறந்துவிடுவான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். மருந்தில்லாமல் மூன்று மாதம் இருப்பவரின் ஆசை அப்படியே இருக்கும். உடம்பின் தாங்கும் திறன் மட்டும் குறைந்துவிடும். வெளியே வந்த அன்று பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகும் அபாயம் இதனால்தான் வருகிறது. சிறையிலிருந்து வருபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

போலீஸ் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதும் மருத்துவமனையின் கடமை.

3. முதல் நாளுக்கு முன்பு தயாராக இருக்க வேண்டியவை

ஆதார் நகல், பழைய மருத்துவச் சீட்டுகள், காலி மாத்திரை அட்டைகள், தற்போது உட்கொள்ளும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.

ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி ஆகிய பரிசோதனைகளும் கல்லீரல் பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஆற்றுப்படுத்துநரிடம் தனியாகப் பேசவும் முடியும். மஞ்சள் காமாலை சி இருப்பது தெரிந்தால் மனம் உடைந்துவிட வேண்டாம். இப்போது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே அது குணமாகிறது. தேசியத் திட்டத்தின் கீழ் மருந்தும் இலவசம். இந்த முடிவுகள் வரும்வரை போதைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாக நடக்கலாம்.

பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கர்ப்பிணி திடீரென போதை மாத்திரையை நிறுத்தினால் கரு கலையவும் குறைமாதப் பிரசவம் ஆகவும் வாய்ப்புண்டு. மருத்துவர் மேற்பார்வையில் புப்ரெனார்ஃபின் எடுப்பதே அவருக்குப் பாதுகாப்பான வழி. பிறக்கும் குழந்தைக்குச் சில நாள்கள் விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய மருந்து நின்றதும் உடம்பில் தோன்றும் அவதிகள், வரலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. குடும்ப மானம் கருதிக் கர்ப்பிணிகளை மறைத்து வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

4. கடைசியாகப் போட்ட நேரம்: பொய் சொல்லக் கூடாத இடம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மூளையில் அபின் வகை மருந்துகள் வந்து அமர்வதற்கென்று இடங்கள் இருக்கின்றன. டேபென்டடாலும் ஹெராயினும் அங்கே உட்கார்ந்து முழு வேகத்தில் தூண்டுகின்றன. புப்ரெனார்ஃபின் அவற்றைவிட இறுக்கமாக உட்காரும், ஆனால் ஓரளவுக்கு மட்டுமே தூண்டும். நெரிசலான பேருந்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும் ஆளைப்போல, புப்ரெனார்ஃபின் மற்ற மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. முழுத் தூண்டல் ஒரே நொடியில் அரைத் தூண்டலாகிறது. பல நாள்களில் படிப்படியாக வர வேண்டிய அவதி அரை மணி நேரத்தில் மொத்தமாக வந்து இறங்குகிறது. இருக்கைகள் தாமாகவே காலியாகத் தொடங்கிய பிறகு அதே மாத்திரையைக் கொடுத்தால் அது நிம்மதியைத் தருகிறது.

என் தம்பி முதல் நாள் “நேற்று இரவு எட்டு மணிக்குப் போட்டேன்” என்று சொன்னான். உண்மையில் அன்று விடியற்காலை பேருந்து நிலையக் கழிப்பறையில் போட்டிருக்கிறான். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மாத்திரை கரைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டான். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. அதே நேரம் கைகளில் மயிர்க்கூச்செறிந்து பல் கிட்டியது. மூன்று முறை வாந்தி எடுத்தான். “இந்த மாத்திரை விஷம் அக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன் மீண்டும் வர நான்கு மாதங்கள் ஆயின. மருந்தில் தவறில்லை, மணிக்கணக்கில்தான் தவறு.

ஆகவே உடனே கரையும் மாத்திரை, கோடீன், ஹெராயின் ஆகியவற்றுக்குக் குறைந்தது 12 மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகைக்கு 24 மணி நேரமும், மெத்தடோனுக்கு அதைவிட அதிகமாகவும் இடைவெளி தேவை. ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. விலகல் அறிகுறிகள் உடம்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் உண்டு. நாடித்துடிப்பு, வியர்வை, ஓரிடத்தில் உட்கார முடியாமை, கண்மணியின் அளவு, எலும்பு மூட்டு வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வயிற்றுக் கோளாறு, கை நடுக்கம், கொட்டாவி, படபடப்பு, மயிர்க்கூச்சு ஆகியவை அவை. அறிகுறிகள் போதிய அளவு தெரிந்த பிறகே முதல் மாத்திரை.

வீட்டிலிருந்தே கவனிக்க எளிதானது கண்மணி. ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிப் பாருங்கள். போதையில் இருக்கும்போது அது கடுகளவுக்குச் சுருங்கியிருக்கும். விலகலில் வெளிச்சத்திலும் விரிந்தே இருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். ஏற்காட்டில் மார்கழிப் பனியில் யாருக்கும் மூக்கு ஒழுகும், மயிர் கூச்செறியும். குளிரால் கண்மணி விரியாது.

கடைசியாகப் போட்ட நேரத்தைக் கேட்கும்போது அப்பாவோ மாமாவோ பக்கத்தில் நிற்க வேண்டாம். தனியாக, குரலை உயர்த்தாமல், “எப்போது போட்டாலும் திட்ட மாட்டோம், நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லப்பா” என்று கேளுங்கள். அவர் சொன்ன நேரத்தை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். இன்று காலையில் போட்டுவிட்டார் என்றால் நாளை போகலாம். ஒரு நாள் தள்ளிப்போவது தோல்வி அல்ல.

5. மலையிலிருந்து இறங்குபவர்கள் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள்

மேலே சொன்னதன்படி, முதல் மாத்திரைக்கு வருபவர் விலகல் அவதியோடுதான் வந்து சேர்வார். குமட்டலும் வயிற்றுப்போக்கும் இருக்கும் ஒருவரைக் காலைப் பேருந்தில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவருவது கொடுமை. பாதி வழியில் தாங்க முடியாமல், கையில் மறைத்து வைத்திருக்கும் ஒரு மாத்திரையை விழுங்கிவிடுவார். பிறகு அன்றைய திட்டம் முழுதும் வீண்.

எனவே முந்தைய நாள் பிற்பகலிலேயே சேலத்துக்கு இறங்கி உறவினர் வீட்டிலோ அறையிலோ தங்குங்கள். முதல் மூன்று நான்கு நாள்கள் கீழேயே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அளவு சரியாக அமைவது அந்த நாள்களில்தான். இரவில் உடம்பு முறுக்கினால் வெந்நீர்க் குளியல், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர், கஞ்சி ஆகியவை ஆறுதல் தரும். தூக்க மாத்திரை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

6. முதல் மாத்திரையை வைக்கும் முறை

இதை விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், இரத்தத்துக்குப் போதிய அளவு சேராது. “மாத்திரை வேலை செய்யவில்லை” என்று வந்தவர்களில் பலர் எச்சிலோடு விழுங்கியவர்களாகவே இருந்தார்கள்.

விலகல் நேரத்தில் வாய் காய்ந்திருக்கும், காய்ந்த வாயில் மாத்திரை கரையாது. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு நாக்கைத் தூக்கி, அடியில் ஒரு பக்கமாக வைத்து, இரண்டு மாத்திரை என்றால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, தலையைச் சற்றுக் குனிந்து உட்கார வேண்டும். கரைய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு, காப்பி, பாக்கு, புகையிலை எதுவும் வேண்டாம். மாத்திரை கசக்கும், எச்சில் ஊறும், விழுங்கத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால் அவருக்கு எளிதாக இருக்கும்.

முழுதும் கரைந்த பிறகு தண்ணீரால் வாயை நன்றாக அலசி விழுங்கிவிட வேண்டும். பல் துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். இந்த மாத்திரை அமிலத்தன்மை உடையது, நாள்பட எடுப்பவர்களுக்குப் பல் சொத்தையாகலாம். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, என் தம்பி ஒரு கடைவாய்ப் பல்லை இழந்த பிறகே தெரிந்துகொண்டோம்.

வழக்கமாக முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம் கொடுத்து ஓரிரு மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். அவதி குறைந்து, ஆனால் மிச்சம் இருந்தால் மேலும் கொடுப்பார்கள். முதல் நாள் மொத்தம் பெரும்பாலும் 8 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த ஓரிரு மணி நேரம் கழியுமுன் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள்.

7. முதல் வாரம்: அளவு போதுமா?

இரண்டாம் நாளிலிருந்து அளவை உயர்த்தி, பலருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 16 மில்லிகிராமுக்குள் நிலைநிறுத்துகிறார்கள். போதுமான அளவு என்பதற்கு அடையாளம், அடுத்த நாள் மாத்திரை நேரம் வரும்வரை உடம்பு முறுக்காமல் இருப்பதும், ஆசை மனத்தை அரிக்காமல் இருப்பதுமே. விடியற்காலையில் வியர்த்து விழித்துக்கொண்டால் அளவு குறைவு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தினர் இங்கே செய்யும் தவறு, “இதுவும் போதைதானே, குறைவாகவே கொடுங்கள்” என்று மருத்துவரை வற்புறுத்துவது. குறைந்த அளவில் அவதிப்படுபவர் வெளியே போய் மாத்திரை வாங்குவார். சரியான அளவில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் எஸ்டேட்டுக்கும் போய் வேலை செய்கிறார். அளவை எவ்வளவு கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அதன் தூண்டல் ஏறாது என்பதும் இந்த மருந்தின் இயல்பு.

மலச்சிக்கல் பலருக்கு வரும். தண்ணீரும் கீரையும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள். முதல் சில நாள்கள் தூக்கக் கலக்கம் இருப்பதால் லாரி, இருசக்கர வாகனம் எதையும் ஓட்ட வேண்டாம்.

சில இடங்களில் நால்ட்ரெக்சோன் என்ற வேறு மருந்தைச் சொல்வார்கள். அது தூண்டவே தூண்டாது, தடுக்க மட்டுமே செய்யும். ஏழு முதல் பத்து நாள்கள் எந்த அபின் வகை மருந்தும் உடம்பில் இல்லாதிருந்தால்தான் தொடங்க முடியும். வீட்டில் கிடைத்தது என்று ஒருவருடைய நால்ட்ரெக்சோனை இன்னொருவருக்குக் கொடுப்பது நான்காம் பகுதியில் சொன்னதைவிட மோசமான அவதியில் முடியும்.

8. தினமும் போய்வரும் மாதங்கள்

தொடக்கத்தில் பல மையங்களில் பணியாளரின் கண்முன்னேதான் மாத்திரையை வைக்க வேண்டும். மாத்திரை வெளியே விற்கப்படாமலும் ஊசியில் ஏற்றப்படாமலும் இருக்கவே இந்த ஏற்பாடு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அபின் வகை மருந்தின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் சேர்ந்த மாத்திரை கொடுப்பதற்கும் இதே காரணந்தான். நாக்கின் அடியில் வைத்தால் நலாக்சோன் ஏறக்குறைய வேலை செய்யாது, ஊசியில் ஏற்றினால் அவதியைக் கொண்டுவரும்.

பலர் விட்டுப்போவது ஆசையால் அல்ல, கூலியால். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் நாள் தவறாமல் மலையிறங்கினால் கூலி போய்விடும். இப்படி ஒரு பருவம் வருகிறது என்றால் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, வீட்டுக்கு மாத்திரை தர முடியுமா, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். நெடுந்தூர லாரிக்குப் போகிறவர்களும் இப்படியே கேட்கலாம். வீட்டுக்கு வந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள், ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்த ஒரு மாத்திரை போதும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கமான அளவையே எடுக்க வேண்டும். இரண்டு நாள் அளவைச் சேர்த்து எடுக்கக் கூடாது. பல நாள்கள் தவறி, இடையில் பழைய மாத்திரையும் போட்டிருந்தால் மீண்டும் முதல் நாளைப் போலவே தொடங்க வேண்டும். மையத்தில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தவறாமல் வந்ததைப் போல நடிப்பவர்கள்தான் மறுபடி பெஞ்சில் சுருள்கிறார்கள்.

பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ போனால் புப்ரெனார்ஃபின் எடுப்பதை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிக்கு என்ன கொடுக்கலாம் என்பது அதனால் மாறும்.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்ட பிறகு மாத்திரையை நிறுத்தியவர்கள் சிலரை அறிவேன். கயிறு கட்டும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் தொடரட்டும்.

9. உயிராபத்து

சாராயத்தையோ அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளையோ புப்ரெனார்ஃபினோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகலாம். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, குறட்டையும் கரகரப்புமாக ஒலித்து, உதடு நீலமாகி, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். “மாத்திரைப் போதை, மூச்சு வரவில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள்; முறிவு மருந்தான நலாக்சோன் ஊசி மருத்துவமனையில் தேவைப்படும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர் புகட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் நுரையீரலுக்குள் நீர் போகவே வழி செய்யும். மலையிலிருந்து சேலம் வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால் அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவி பெற்ற பிறகே கீழே இறங்குவது நல்லது.

10. குறைப்பதும் நிறுத்துவதும்

ஆறு மாதத்தில் ஆள் நன்றாக இருப்பார். உடம்பு தேறும், சம்பளம் வீட்டுக்கு வரும். பெண் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்குள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்ற பேச்சு எழும். நான் அறிந்த சறுக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடந்தன. மாத்திரை இருந்ததால்தான் ஆள் நன்றாக இருக்கிறார். சர்க்கரை நோய்க்காரர் அளவு சரியாக வந்ததும் மருந்தை நிறுத்துவதில்லை அல்லவா?

ஓராண்டுக்குக் குறையாமல், பலருக்கு அதைவிட நீண்ட காலம், சிகிச்சை தேவைப்படுகிறது. குறைக்கும் முடிவை எடுக்குமுன், பல மாதங்களாக வேறு போதை இல்லை, நிலையான வேலை இருக்கிறது, பழைய கூட்டாளிகளின் தொடர்பு இல்லை, குறைக்க வேண்டும் என்று அவரே விரும்புகிறார் என்ற நான்கும் உண்மையா என்று பாருங்கள். அம்மாவின் விருப்பம் மட்டும் போதாது.

குறைப்பது மாதக்கணக்கில் நடக்க வேண்டும். 8 மில்லிகிராமிலிருந்து 4-க்கு வருவது பலருக்கு எளிது. 2-க்குக் கீழேதான் தூக்கம் கெடும், கால் குடையும். அந்தக் கட்டத்தில் 0.4 மில்லிகிராம் மாத்திரைகளைக் கொண்டு இன்னும் சிறிய படிகளாக இறக்க முடியும். ஒரு படியில் இரண்டு வாரமாகியும் தூக்கம் வரவில்லை, பழைய இடத்தின் நினைப்பு வருகிறது என்றால் முந்தைய படிக்கு ஏறிக்கொள்ளலாம். “முடியவில்லை என்றால் எந்த அளவுக்குத் திரும்புவது?” என்று குறைக்கத் தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். என் தம்பி இப்போது 4 மில்லிகிராமில் இருக்கிறான். அவனுடைய சீட்டில் பின்பக்கம் 6 என்று எழுதி வைத்திருக்கிறோம்.